எழுத்து சொல்லித் தந்தவருக்குத் திதி உண்டா?

உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பெயர் நினைவில் இருக்கிறதா?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் பாடம் எடுத்தவர்களில் பாதிப் பேரின் பெயர் மறந்து போயிருக்கும். ஆனால் சிலேட்டின் மேல் நம் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தவரை மட்டும் மனசு விடுவதே இல்லை. அவர் கட்டி வரும் வாயில் புடவை, சாக்பீஸ் தூள் படிந்த விரல்கள், 'ழ' வராமல் தவித்தபோது நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று தானே செய்து காட்டிய முகம்... எல்லாம் அப்படியே இருக்கும்.

ஒருநாள் ஊரிலிருந்து சேதி வருகிறது. டீச்சர் காலமாகிவிட்டாராம். அடுப்பில் பால் பொங்குகிறது, பிள்ளைக்கு டியூஷன் நேரம், மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் கண் கலங்குகிறது. பிறகு வேலை இழுத்துக்கொள்கிறது. பெற்றவர்கள் போனால் காரியம் உண்டு, திதி உண்டு. பங்காளி போனால் தீட்டு உண்டு. எழுத்து சொல்லித் தந்தவர் போனால் நமக்கு என்ன உண்டு? ஒன்றுமே இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் சேர்ந்து யோசிக்கப் போகிறோம்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது?

ஆச்சரியப்படுவீர்கள். நம் முன்னோர் இதை யோசிக்காமல் விடவில்லை. ஆசாரியர் மறைந்தால் சீடனுக்கு மூன்று இரவு தீட்டு என்று விதிக்கிறது மனு ஸ்மிருதி. குருவுக்குச் சீடனே அந்திமக் கிரியைகளைச் செய்ய நேர்ந்தால் பத்து இரவு தீட்டு. அதாவது, ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவரைக் கல்வி என்ற ஒரே சம்பந்தத்தால் குடும்பத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்!

அது மட்டுமா? மகாளய பட்சத்தில் தர்ப்பணம் செய்யும்போது, தாய் வழி, தந்தை வழி முன்னோருக்குப் பிறகு 'காருண்ய பித்ருக்கள்' என்று ஒரு வரிசை வரும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, உடன்பிறந்தோர் இவர்களோடு குருவுக்கும் நண்பருக்கும்கூட அங்கே இடம் உண்டு. எள்ளும் தண்ணீரும் அவர்கள் பெயருக்கும் விடப்படுகின்றன.

'சரி, அதெல்லாம் வேதம் சொல்லிக் கொடுத்த ஆசாரியருக்கு. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் 'அம்மா, ஆடு, இலை' சொல்லிக் கொடுத்த டீச்சருக்குப் பொருந்துமா? அவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே கற்பித்தார்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட, விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வருவோம்.

பிரம்மதேசம் சொல்லும் கணக்கு

பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள் உண்டு. வேதம் கற்றவர்களுக்குக் கொடையாகக் கொடுத்த நிலம் 'பிரம்மதேயம்'. அந்தச் சொல்தான் பேச்சில் பிரம்மதேசம் ஆயிற்று என்பார்கள். நாம் போகும் பிரம்மதேசம், விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையின் உட்புறத்தில், எண்ணாயிரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரம்மபுரீஸ்வரர், பாடலீஸ்வரர் என்று இரண்டு சிவாலயங்கள். சோழர் காலத்துக் கற்றளிகள், இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பிரம்மன் பூஜித்த ஈசன் பிரம்மபுரீஸ்வரர். கலைமகளின் நாயகனே வந்து வணங்கிய ஊர் என்றால், கல்விக்கும் அந்த மண்ணுக்கும் உறவு இருக்கத்தானே வேண்டும்?

இருந்தது. பக்கத்து எண்ணாயிரத்தில் இன்று அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலாக விளங்குவது, சோழர் காலத்தில் ராஜராஜ விண்ணகர். அங்கே சுமார் 1025-ல், ராஜேந்திர சோழன் காலத்தில், பெரிய கல்விச்சாலை ஒன்று நடந்தது. கல்வெட்டு அதன் கணக்கைச் சொல்கிறது. மாணவர்கள் 340 பேர். அவர்களில் இளையவர்கள் 270, மேற்படிப்பு மாணவர்கள் 70. ஆசிரியர்கள் 14 பேர். இளைய மாணவன் ஒவ்வொருவனுக்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல். பெரிய மாணவனுக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. ஆசிரியர்களுக்கும் நெல் உண்டு. இதற்காக விடப்பட்ட நிலம் 45 வேலி!

ஆக, ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் ஆசிரியர் சம்பளம் வாங்கித்தான் கற்பித்தார். அதைக் குறைவாக யாரும் நினைக்கவில்லை. கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏன் தெரியுமா? ஆசிரியரின் வயிற்றுக் கவலையை ஊர் ஏற்றுக்கொண்டால்தான் அவர் மாணவன் முகத்தைப் பார்த்துப் பாடம் சொல்ல முடியும். நெல் அவருடைய நேரத்துக்கு. அந்தக் கணக்கை அரசனும் சபையும் தீர்த்துவிட்டார்கள். ஆனால் மாணவன் உள்ளே ஏறிய வெளிச்சம் இருக்கிறதே, அதற்கு எத்தனை நாழி என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கூலி வேறு, கடன் வேறு. கூலியை அளந்து தீர்க்கலாம். அளக்க முடியாதது கடனாகவே நிற்கும்.

நம் டீச்சரையே எடுத்துக்கொள்ளுங்களேன். மாதச் சம்பளம் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கு. கடைசி வரிசையில் காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்த பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது எந்தச் சம்பளக் கணக்கில் சேரும்?

எல்லோருக்கும் திறந்த கதவு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணாயிரத்துக் கல்விச்சாலை நமக்குப் பெருமைதான். ஆனால் அது வேதம் ஓதும் ஆண்பிள்ளைகளுக்கான இடம். அன்று நீங்களும் நானும் பிறந்திருந்தால் அதன் வாசலில் நெல் மூட்டை இறங்குவதைத்தான் பார்த்திருப்போம்.

நமக்கு எழுத்து வந்தது வேறு வாசல் வழியாக. ஓட்டுக் கட்டடம், இரண்டு வகுப்புக்கு ஒரே கரும்பலகை, மணியாக ஒரு தண்டவாளத் துண்டு. அந்த ஆரம்பப் பள்ளியில் பெண் என்றோ, எந்தத் தெருப் பிள்ளை என்றோ கேட்காமல் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டியவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். நீங்கள் இன்று கந்த சஷ்டி கவசத்தைப் புத்தகம் பார்த்துப் படிக்கிறீர்களே, இந்தப் பக்கத்தையே இப்போது வாசிக்கிறீர்களே... அதன் ஆரம்பம் அங்கே இருக்கிறது.

பிழைப்புக்காக வேதத்தின் ஒரு பகுதியைக் கற்பிப்பவர் 'உபாத்தியாயர்' என்கிறது மனு ஸ்மிருதி. உபநயனம் செய்வித்து வேதம் முழுவதும் கற்பிப்பவர் ஆசாரியர். அவருக்கே மேல் இடம். நம் 'வாத்தியார்' என்ற சொல் அந்த உபாத்தியாயரிலிருந்து வந்ததுதான். தர்ப்பணம் செய்து வைப்பவரும் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவரும் வாத்தியார். ஆனால் இந்த வரிசையைச் சொன்ன அதே நூல், சற்றுத் தள்ளி இன்னொன்றும் சொல்கிறது. கொஞ்சமோ அதிகமோ, கல்வியால் ஒருவனுக்கு உதவியவர் யாரானாலும் அவரைக் குருவாகவே அறிய வேண்டுமாம். கொஞ்சம் என்றாலும் குருதான்!

தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை, எழுத்தைக் கற்பித்தவரைத்தான் கடவுளுக்குச் சமமாக வைக்கிறது. உயர்ந்த தத்துவம் சொன்னவரை அல்ல, எழுத்தை அறிவித்தவரை! அரிச்சுவடி சொன்னவருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா?

ஓய்வுக்குப் பிறகும் ஓயாதவர்

ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் ஓய்வுக்காலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நம் டீச்சர்கள் பலரும் 58 வயதில் ஓய்வு பெற்றவர்கள். ஆண்டுக்கு 40 பிள்ளைகள் என்று வைத்தால்கூட, 35 ஆண்டில் 1400 பேருக்கு எழுத்து சொல்லியிருப்பார். ஓய்வு பெற்ற மறுநாளும் காலையில் பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு அவருக்கு உடம்பு பரபரக்கும்.

பிறகு அவர் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம் ஆகும். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத ஒரு பாட்டி வருவார். கும்பாபிஷேகப் பத்திரிகையில் பிழை திருத்தக் கோயில் தர்மகர்த்தா வருவார். மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒன்று வந்து நின்றால், உன் தாத்தாவும் ஒன்பதை இப்படித்தான் திருப்பிப் போடுவான் என்று சிரிப்பார். ஊரில் யாருக்கு எந்த எழுத்து வராது என்பது வரை அவருக்கு அத்துப்படி.

அவர் மறைந்ததும் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறார்கள். அதில் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் எல்லோருடைய பெயரும் இருக்கும். அந்த 1400 பேர்? மகன் தன் அப்பாவுக்குத் திதி கொடுப்பான். தன் வாத்தியாருக்குக் கொடுக்க மாட்டான், ஏனென்றால் அவனுக்கு அவர் அப்பா. வாத்தியார் என்று அவரை நினைக்க வேண்டியவர்கள் நாம்தான். நாம் நினைக்காவிட்டால் அந்த உறவில் அவருக்கு வாரிசே இல்லை!

எண்ணாயிரத்துக்குப் பக்கத்திலேயே எசாலம் என்று ஓர் ஊர். ராஜேந்திர சோழனின் குரு சர்வசிவ பண்டிதர் எழுப்பிய சிவாலயம் அங்கே இருக்கிறது. 1987-ல் அங்கிருந்து செப்பேடும் செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன. பேரரசனின் குருவுக்குச் செப்பேடு பேசுகிறது. நம் டீச்சருக்கு நாம்தான் செப்பேடு.

அடித்த வாத்தியாருக்குமா?

ஒரு சங்கடத்தையும் பேசிவிடலாம். எல்லா ஆசிரியரும் அன்பானவர்கள் இல்லை. மனசு புண்படப் பேசியவர் உண்டு. பிரம்பால் வெளுத்தவர் உண்டு. பிள்ளைகளுக்குள் பேதம் பார்த்தவரும் உண்டு. அவரையும் தெய்வமாக நினைக்க வேண்டுமா?

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்துப் போகும் மாணவனுக்கு ஆசாரியர் விடை கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. தாயையும் தந்தையையும் ஆசாரியரையும் விருந்தினரையும் தெய்வமாகக் கொள் என்று உபதேசிப்பது அங்கேதான். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆசாரியர் அடுத்து ஒன்று சொல்கிறார். எங்களிடம் உள்ள நல்ல நடத்தை எதுவோ அதை மட்டும் பின்பற்று, மற்றதை வேண்டாம் என்று! தன்னிடம் 'மற்றது' இருக்கிறது என்பதைக் குருவே மாணவன் முன்னால் சொல்கிறார். ஆகவே நினைவு கூர்வது முகஸ்துதி அல்ல. சலித்து எடுப்பது. அரிசியில் கல் இருந்தால் நாம் அரிசியை எறிவதில்லையே, பொறுக்கிவிட்டுத்தானே உலை வைக்கிறோம்?

இதற்குக் கண்கண்ட உதாரணம், ராமேசுவரத்தில் படித்த ஒரு சிறுவன். 1931-ல் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் இரண்டு ஆசிரியர்களை நினைவுகூர்கிறார். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒருவர், ராமநாத சுவாமி கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரியின் மகனும் இந்த முஸ்லிம் பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். விஷயம் தெரிந்த சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் தவறை உணர்ந்து மாறினார்.

இன்னொருவர் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஆசாரமான குடும்பம். அவர் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மடி பார்க்கும் அவர் மனைவிக்கு அதிர்ச்சி. தன் சமையலறையில் வைத்துப் பரிமாற முடியாது என்றுவிட்டார். ஐயர் கோபப்படவில்லை. தன் கையாலேயே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வர வேண்டும் என்றார் ஐயர். தயங்கிய பையனுக்குத் தைரியமும் சொன்னார். அடுத்த வாரம் போனபோது, அந்த அம்மாளே பையனை உள்ளே அழைத்துப்போய்த் தன் கையால் அன்னம் இட்டார்!

அந்த ஒரு வாரத்தில் அந்த அம்மாள் மனசுக்குள் என்ன நடந்ததோ! நம்மைப் போல் நாள் முழுக்க அடுப்படியில் நின்றவர், பழகிய ஒன்றை விடுவது எத்தனை கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டார். ஐயர் அன்று பாடம் சொன்னது பையனுக்கு மட்டுமா? கணவனின் பொறுமையிலிருந்து அந்த அம்மாள் கற்றார். அவர் இட்ட சோற்றிலிருந்து அந்தப் பையன் கற்றான். நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்து இறங்கிய பிறகும் மாணவர்களையே தேடித் தேடிப் போன கலாம், 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சரிந்து உயிர் நீத்தார். ராமேசுவரத்து வாத்தியார்களுக்கு அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த தர்ப்பணம் அது என்று சொல்லத் தோன்றுகிறது.

திருப்பித் தர முடியாத கடன்

மூன்று கடன்களோடு மனிதன் பிறக்கிறான் என்கிறது வேதம். தேவர்களுக்குப் பட்ட கடன் வேள்வியாலும், பித்ருக்களுக்குப் பட்ட கடன் சந்ததியாலும் தீரும். ரிஷிகளுக்குப் பட்ட கடன்? கற்பதால் தீரும் என்கிறார்கள். கற்பிப்பதையே பிரம்ம யக்ஞம் என்கிறது தர்ம சாஸ்திரம். கவனியுங்கள், ரிஷிக்கு ரிஷியிடமே எதையும் திருப்பித் தரச் சொல்லவில்லை. அடுத்தவருக்குக் கொடு என்கிறார்கள். வாங்கிய விளக்கை வாங்கியவரிடம் திருப்பித் தருவதில்லை, அதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1-ல் மறைந்தபோது அவர் மாணவர் உ.வே.சாமிநாதையருக்கு இருபது வயது. குரு சைவ வேளாளர், மாணவர் அந்தணர். உ.வே.சா. பிறகு கும்பகோணத்திலும் சென்னையிலும் 1919 வரை கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ஏடு ஏடாகத் தேடிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1933-லும் 1934-லும், இரண்டு பாகங்களாகத் தன் குருவின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். 57 ஆண்டுகள் கழித்து! நினைவுக்கு இதைவிட நல்ல திதி உண்டா?

நாம் என்ன செய்யலாம்?

டீச்சர் இன்னும் இருக்கிறார் என்றால், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். குரு பெயர்ச்சிக்கு ஆலங்குடி போகிறோம். வியாழன்தோறும் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறோம். எல்லாம் நல்லதுதான். அப்படியே ஊருக்குப் போகும்போது அந்தத் திண்ணையிலும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் பெயரை அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கலாம். அதனால் என்ன?

மறைந்துவிட்டார் என்றால், மகாளய பட்சத்தில் உங்கள் வீட்டில் தர்ப்பணம் செய்பவரிடம் அவர் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். காருண்ய பித்ருக்களோடு சேர்க்கச் சொல்லுங்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று சொல்வது வழக்கம். வீட்டுக்கு வீடு முறை மாறும் என்பதால் உங்கள் வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுத்து சொன்னவர் கான்வென்ட் கன்னியாஸ்திரீயாகவோ, இஸ்லாமிய ஆசிரியராகவோ இருந்தால்? எள்ளும் தண்ணீரும் வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி ஏழைப் பிள்ளை ஒருவருக்குச் சாப்பாடு போடுங்கள். ராமேசுவரத்து அம்மாள் நமக்குக் காட்டிக் கொடுத்த வழிதானே!

நம் பஞ்சாங்கத்தின் அழகைப் பாருங்கள். மகாளய அமாவாசையன்று முன்னோரை வழியனுப்புகிறோம். மறுநாளே நவராத்திரி தொடங்கி, கொலுப்படிகள் ஜொலிக்கின்றன. சரஸ்வதி பூஜை முடிந்து விஜயதசமியன்று, பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். போனவர்களுக்கு எள் இறைத்த கையின் ஈரம் காய்வதற்குள், வரும் தலைமுறைக்கு எழுத்து! இந்த விஜயதசமியில் குழந்தையின் விரலைப் பிடிக்கும்போது, உங்கள் விரலைப் பிடித்தவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பிள்ளையோ, காவலாளியின் மகளோ, எழுத்துக் கூட்டத் திணறிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கலாம். மாலை விளக்கேற்றிய பிறகு அரை மணி நேரம் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். இந்த யக்ஞத்துக்குப் பூணூல் வேண்டாம், ஹோமகுண்டம் வேண்டாம், மடியும் வேண்டாம். பொறுமை மட்டும் போதும். 'ழ' வராமல் அந்தப் பிள்ளை தவிக்கும்போது, நாக்கை மடித்துக் காட்டுவீர்கள் பாருங்கள்... அந்த நேரம் உங்கள் டீச்சர் எங்கிருந்தாலும் மகிழ்வார்.

எழுத்து சொல்லித் தந்தவருக்குத் திதி உண்டா என்று கேட்டோம். உண்டு. ஆண்டுக்கு ஒருநாள் என்று நாள் குறிக்கத் தேவையில்லாத திதி. அதைச் செய்யும் பேறு உங்கள் எல்லோருக்கும் வாய்க்க, பிரம்மபுரீஸ்வரர் அருளட்டும்!